கூடவே இருந்து குழி பறித்தவன்

தோட்டப்புறப் பாடல்களைத் தொகுப்பாக எடுத்து வாசித்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். கூலியை நிர்ணயித்தவர் துரை. தொழிலாளர் குடியிருந்த லயத்து அறை எத்தனை அடி என்று முடிவு செய்ததும் அவர் தரப்புதான். ஆனால் பாட்டில் அதிகம் வசை வாங்குவது, ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி. அவருக்கு அடுத்தபடி கணக்கப்பிள்ளையும் கிராணியும். துரையைப் பாடும்போது பயமும் கேலியும் கலந்து வரும். கங்காணியைப் பாடும்போது குரலே மாறிவிடுகிறது. அதில் இருப்பது வயிற்றெரிச்சல். இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த பாடல்களிலும் இதைக் காணலாம், மலாயாத் தோட்டங்களில் வாய்வழி நின்ற பாடல்களிலும் காணலாம். துரை அந்நியர். கங்காணியோ ஊர்க்காரர், பலருக்கு மாமன் முறை, சித்தப்பா முறை.

பூமிப்பந்தின் மறுபக்கத்தில், கரீபியன் கடலில் இருக்கும் ஜமைக்காவில், இன்றைய டான்ஸ்ஹால் இசையைக் கேட்டால் இதே வயிற்றெரிச்சல் காதில் விழும். ஒரே தட்டில் சாப்பிட்டவன் காட்டிக்கொடுத்தான், பல்லைக் காட்டிச் சிரித்தவன் முதுகில் குத்தினான், நான் கொஞ்சம் மேலே வந்ததும் கூட்டாளிக்குக் கண் பொறுக்கவில்லை. அங்கே இந்தப் பொறாமை மனத்துக்கு ‘பேட்மைண்ட்’ என்று பெயர். அதைப் பாடாத டான்ஸ்ஹால் பாடகரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். எதிரியை அடிப்பேன் என்று பாடும் பாட்டுகளும் நிறைய உண்டு. ஆனாலும் போலி நண்பனைப் பற்றிய பாட்டில்தான் குரல் தழுதழுக்கிறது.

எதிரி பத்து ரூபாய் பறித்தாலும் நண்பன் பத்து ரூபாய் பறித்தாலும் நட்டம் பத்து ரூபாய்தானே? மனம் ஏன் அப்படிக் கணக்குப் போடுவதில்லை? அந்த வலிக்கு ஏன் தாளம் கட்டி ஆடுகிறோம்? இதற்குச் சென்ற இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் பரிசோதனைக்கூடங்களிலிருந்து சுவையான பதில்கள் வந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்க மலேசியாவில் பகாங் மாநிலத்தின் கேமரன் மலை நல்ல இடம்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அளந்து குறித்த மேட்டுநிலம் அது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை. காட்டை வெட்டி, சரிவைச் செதுக்கி, கன்று நட்டு, கொழுந்து கிள்ளிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910லேயே முடிந்துபோயிருந்தது. கேமரன் மலையில் தேயிலை வேர்பிடித்தது கங்காணி முறையின் கடைசிப் பத்தாண்டில்.

கங்காணி முறையின் இயந்திரம் மிகவும் எளிமையானது, அதனாலேயே பயங்கரமானது. தோட்டத்தில் சில காலம் வேலை செய்து துரையிடம் நல்ல பெயர் வாங்கியவருக்கு உரிமம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு என்று எங்கிருந்து வந்தாரோ அந்த ஊருக்கே. அவர் விளம்பரம் ஒட்டத் தேவையில்லை, அவரே விளம்பரம். சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் போதும். ஆள் சேர்ந்ததும் நாகப்பட்டினம் முகாமுக்கோ ஆவடி முகாமுக்கோ கூட்டிக்கொண்டு போய்க் கப்பல் ஏற்றுவார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு உண்டு. பல தோட்டங்களில் அதோடு முடியவில்லை. அவர் கூட்டிவந்த ஆட்களில் அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அதற்கேற்பத் தினமும் தலைக்காசு.

இந்தத் தலைக்காசை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணுகிறார்கள். அக்காள் மகனுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அந்தக் காய்ச்சல் மாமனுக்கு வருமான இழப்பு. உறவை இப்படிக் காசோடு முடிச்சுப் போட்டுவிட்டால், நல்ல மனிதர்கூட மருமகனை லயத்திலிருந்து இழுத்துக்கொண்டு வரத்தான் செய்வார். தன்னை நல்லவர் என்று நினைத்துக்கொண்டேதான் இழுப்பார்.

இப்போது பரிசோதனைக்கு வருவோம். 2004இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஐரிஸ் போனெட்டும் ரிச்சர்ட் ஸெக்ஹவுசரும் ஒரு விளையாட்டை வடிவமைத்தார்கள். உங்களுக்கு நிச்சயமாக 10 டாலர் கிடைக்கும். வேண்டாமென்றால், முகம் தெரியாத இன்னொருவர் கையில் முடிவை விடலாம். அவர் நேர்மையாக நடந்தால் இருவருக்கும் ஆளுக்கு 15 டாலர். அவர் சுருட்டிக்கொண்டால் அவருக்கு 22, உங்களுக்கு 8. இன்னொரு குழுவுக்கும் இதே தொகைகள்தான். ஆனால் முடிவைச் சொல்வது மனிதர் இல்லை, குலுக்கல். இரண்டு குழுக்களிடமும் கேட்ட கேள்வி ஒன்றே: நல்ல முடிவு வர எத்தனை சதவீத வாய்ப்பு இருந்தால் நீங்கள் துணிவீர்கள்?

பணம் மட்டும் முக்கியமென்றால் இரு குழுவும் ஒரே பதிலைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மோசமான முடிவு ஒரு மனிதரின் கையால் வரக்கூடும் என்றால், மக்கள் தெளிவாகவே கூடுதல் உத்தரவாதம் கேட்டார்கள். போனெட் குழு பிறகு பிரேசில், சீனா, ஓமன், சுவிட்சர்லாந்து, துருக்கி, அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் செய்து பார்த்து 2008இல் வெளியிட்டது. அளவு கூடக்குறைய இருந்தது, போக்கு மாறவில்லை. இரண்டு டாலர் போவதை மனம் தாங்கிக்கொள்கிறது. அந்த இரண்டு டாலரை ஒருவன் என்னைப் பார்த்து எடுத்தான் என்பதற்கு அது தனியாக விலை போடுகிறது.

இன்னும் வியப்பான பரிசோதனை ஒன்று உண்டு. 2003இல் ஜொனதன் கோலர், ஆண்ட்ரூ கெர்ஷாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் காரில் இருக்கும் காற்றுப் பையைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு பை உயிரைக் காப்பதில் சிறந்தது, ஆனால் அந்தப் பையே விரியும் வேகத்தில் ஆளைக் கொன்றுவிட மிக மிகச் சிறிய வாய்ப்பு இருக்கிறது. இன்னொரு பைக்கு அந்த ஆபத்து இல்லை, ஆனால் விபத்தில் செத்துப்போகும் மொத்த வாய்ப்பு அதில் அதிகம். கணக்குத் தெரிந்தவர் முதல் பையைத்தான் எடுக்க வேண்டும். பலர் இரண்டாவதை எடுத்தார்கள்! சாவதற்குக் கூடுதல் வாய்ப்பை ஏற்றுக்கொண்டார்கள், காக்க வந்தது கொல்வதை ஏற்கவில்லை. வேலியே பயிரை மேய்வதை நம் மனம் எந்தக் கணக்கிலும் சேர்க்க மறுக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று நான் பார்த்ததில்லை.

இந்தச் சோதனைகளில் வஞ்சித்தது முன்பின் தெரியாத ஆளும் ஒரு காற்றுப் பையும்தான். அதற்கே இவ்வளவு என்றால் ‘என்கூட வா, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற மாமனுக்கு மனம் என்ன விலை போடும்? கங்காணிப் பாடல்களின் சூடு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இங்கேதான் புரிகிறது.

ஜமைக்காவுக்கும் கடல் கடந்த கூலிக் கதை உண்டு. 1845இல் முதல் கப்பல் அங்கே இந்தியத் தொழிலாளர்களை இறக்கியது. 1917 வரை ஏறக்குறைய 36,000 பேர். பெரும்பாலோர் கங்கைச் சமவெளியிலிருந்து போனவர்கள், சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களும் உண்டு. வடக்கே ஆள் பிடித்தவர்களை ‘அர்க்காட்டி’ என்பார்கள். சந்தையிலும் ரயிலடியிலும் வலை விரித்துக் காத்திருந்த அந்நியர்கள். மலாயாவில் ஏமாற்றியது உறவு, ஜமைக்காவுக்கு ஏமாற்றி அனுப்பியது வழிப்போக்கன். அந்தக் குடிவழியில் வந்தவர்களில் ஒருவர் டான்ஸ்ஹால் உலகின் பெரிய பெயர்களில் ஒன்று: சூப்பர் கேட் என்று அறியப்படும் வில்லியம் மராக். ஆப்பிரிக்க, இந்திய இரத்தம் கலந்தவர், கிங்ஸ்டனில் 1963இல் பிறந்தவர்.

டான்ஸ்ஹாலின் உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிங்ஸ்டனில் 1950களிலிருந்தே ராட்சத ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி ஆடுவார்கள். தோட்டத் திருவிழாவில் ரேடியோ செட்டு கட்டுகிறவருக்கு ஊரில் இருந்த செல்வாக்கை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். 1985இல் வெய்ன் ஸ்மித் என்ற பாடகரும் கிங் ஜாமி என்ற தயாரிப்பாளரும் ஒரு சின்ன கேசியோ விசைப்பலகையில் ஏற்கெனவே பதிந்திருந்த ஒரு தாளத்தை எடுத்து வேகத்தைக் குறைத்தார்கள். பிறந்தது ‘ஸ்லெங் டெங்’. வாத்தியக்காரர்களைக் கூட்டி வைக்காமலே பாட்டு அமைக்கலாம் என்றானது, டான்ஸ்ஹாலின் போக்கே திரும்பியது. அந்தத் தாளத்தை ஜப்பானில் இருந்துகொண்டு உருவாக்கியவர் ஒகுடா ஹிரோகோ என்ற இளம் ஊழியர், அப்போதுதான் வேலையில் சேர்ந்தவர். அதற்குப் பிறகு அந்த ஒரே பின்னணியின்மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் பாடப்பட்டன. இப்படிப் பொதுவில் கிடக்கும் பின்னணிக்கு அங்கே ‘ரிடிம்’ என்று பெயர். யார் வேண்டுமானாலும் அதன்மேல் தன் குறையைக் கொட்டலாம். ஒரே தெம்மாங்கு மெட்டில் ஒவ்வொரு லயத்திலும் ஒரு புதுச் சொல்லைக் கட்டிய நம் பெண்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே தேவையிருக்காது.

மெட்டு பொது என்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பாட்டில் பெயர் சொல்ல வேண்டியதில்லை. டான்ஸ்ஹாலில் பெரும்பாலும் ‘அவர்கள்’ என்றுதான் வரும். யார் அவர்கள் என்று கேட்பவருக்குத் தெரியும், அல்லது தெரிந்துகொள்ளத் துடிப்பார். கொழுந்துக்காட்டில் கங்காணி பத்தடி தள்ளி நிற்கும்போதே அவரைப் பாட முடிந்ததும் இப்படித்தான். அவர் கோபப்பட்டால் அது தன்னைத்தான் சொல்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இந்தச் சாடைப் பேச்சு உடம்பில் என்ன செய்கிறது என்று 2012இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மேத்யூ ஃபைன்பெர்க், ராப் வில்லர், டாச்சர் கெல்ட்னர் முதலானோர் அளந்து பார்த்தார்கள். ஒரு விளையாட்டில் ஒருவன் இன்னொருவனை ஏமாற்றுவதை வேடிக்கை பார்க்க வைத்தார்கள். பார்த்தவர்களின் இதயத் துடிப்பு ஏறியது. அடுத்து ஆட வரப்போகிறவருக்கு ‘இவன் ஏமாற்றுக்காரன்’ என்று சீட்டு எழுதி அனுப்ப வாய்ப்புக் கொடுத்தார்கள். எழுதியவர்களுக்குப் படபடப்புத் தணிந்தது. தனக்கு லாபம் ஒன்றுமில்லை, ஏமாந்ததும் தானில்லை. ஆனாலும் சொல்லிவிட்டால்தான் நெஞ்சு ஆறுகிறது. புறணி என்று நாம் ஏளனம் செய்வதற்குள் இப்படி ஒரு காவல் வேலை ஒளிந்திருக்கிறது. பாட்டு என்பது ஊர் முழுவதற்கும் போகிற சீட்டு.

துரோகத்துக்கு எங்கும் ஒரே விலை இல்லை. 1960களிலிருந்து கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகள் பலவும் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டையாக இருந்தன. வீடு, வேலை, பாதுகாப்பு எல்லாம் கட்சிக்காரர் வழியாகவும் அந்தப் பேட்டைத் தாதா வழியாகவும் வந்தன. 1980 தேர்தலையொட்டிய வன்முறையில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் நட்புக்குச் சட்டத்தின் வேலையும் இருக்கிறது, வங்கியின் வேலையும் இருக்கிறது. அது பொய்த்தால் எல்லாமே போயிற்று. தோட்டத்திலும் அதுதான் நிலைமை. கடிதம் எழுதித்தரவும், ஊருக்குப் பணம் அனுப்பவும், துரையிடம் பேசவும் கங்காணி வேண்டும். கோர்ட்டும் சங்கமும் எட்டாத உயரத்தில் இருந்த காலம்.

கூடவே இன்னொன்றும். ஜார்ஜ் ஃபாஸ்டர் என்ற மானுடவியலாளர் 1965இல் மெக்சிகோ கிராமமொன்றை வைத்து எழுதினார்: சொத்தோ அதிர்ஷ்டமோ ஓர் அளவுக்கு மேல் இல்லை என்று நம்பும் சமூகத்தில், ஒருவன் மேலே வந்தால் அடுத்தவன் பங்கை எடுத்துக்கொண்டான் என்றே அர்த்தமாகும். அதனால் முன்னேறியவன் அயலாரின் கண்ணுக்குப் பயப்படுவான். பேட்மைண்ட் பாட்டுகளின் பாதி வரலாறு இதில் அடங்கும். புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் நமக்கு மீதிப் பாதி தெரியும்.

வள்ளுவர் நட்பைப் பற்றி வரிசையாக ஐந்து அதிகாரம் எழுதினார். அவற்றில் இரண்டு, தீ நட்பும் கூடா நட்பும், இந்த விவகாரம்தான். ஐந்தில் இரண்டு என்பது சும்மா வந்த விகிதமாக எனக்குத் தோன்றவில்லை.

டான்ஸ்ஹாலின்மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. நம் தோட்டப் பாடல்கள்மேலும் அதே புகார். துரோகம் செய்யப்பட்டவர்தான் எல்லாப் பாட்டிலும் பாடுகிறார். செய்தவர் பாடிய பாட்டு எங்கே? டான்ஸ்ஹால் பாடகர் பவுன்ட்டி கில்லரின் அணியில் வளர்ந்த வைப்ஸ் கார்ட்டெல் அங்கிருந்து பிரிந்தார். அதே அணியின் மவாடோவுக்கும் அவருக்கும் மூண்ட சண்டை ‘கலி, காஸா’ என்று இளைஞர்களை இரண்டாகப் பிளந்தது. கடைசியில் 2009 டிசம்பரில் ஜமைக்காவின் பிரதமர் புரூஸ் கோல்டிங்கே இருவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பாட்டுகளை இரு பக்கமும் கேட்டால் இருவருமே வஞ்சிக்கப்பட்டவர்கள்!

ராய் பாமெய்ஸ்டரும் கூட்டாளிகளும் 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. தான் பிறரைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்றையும், பிறர் தன்னைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்றையும் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்கள் அதே ஆட்கள்தான். அடி வாங்கிய கதை நீளமாக, இன்றுவரை தொடர்வதாக, காரணமே இல்லாத கொடுமையாக வந்தது. அடித்த கதையில் அது என்றோ முடிந்துபோன விஷயம், அப்படிச் செய்ததற்குக் காரணமும் இருந்தது. முடிந்துபோன விஷயத்துக்கு யார் மெட்டுக் கட்டுவார்?

அதனால் கங்காணியின் பாட்டு நம்மிடம் இல்லை. இருந்திருந்தால் அதில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அவரும் ஒரு காலத்தில் கூலியாக இறங்கியவர். ஆள் குறைந்தால் துரையின் முன் கைகட்டி நிற்க வேண்டியவர். ஆள் ஓடிப்போனால் முன்பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். தான் நான்கு குடும்பத்தைப் பஞ்சத்திலிருந்து காப்பாற்றியதாகவே அவர் கடைசிவரை நம்பியிருக்கக்கூடும். இதைச் சொல்வதால் அவரை விடுவித்துவிட்டதாக ஆகாது. 1936 இறுதியில் மலாயா வந்து பார்த்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, தோட்டத் தொழிலாளர் நிலை பற்றிப் பல குறைகளை மென்மையாகவே சொன்னவர்; அவர்கூடக் கங்காணி ஆள்சேர்ப்பை நிறுத்த வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தார். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதையே தடைசெய்தது.

தாளத்துக்கு வருவோம். யாரையும் நம்பாதே என்று சொல்கிற பாட்டுக்கு ஆயிரம் பேர் ஒன்றாகக் குதிக்கிறார்கள், இது முரண்தானே? ப்ரான்வின் டார், ராபின் டன்பார் முதலானோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் பிரேசில் பள்ளி மாணவர்களை ஆடவிட்டார்கள். சிலர் எல்லாரும் ஒரே அசைவில், சிலர் ஆளுக்கொரு அசைவில். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒன்றாய் ஆடியவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியது, கூட ஆடியவர்களோடு நெருக்கமும் கூடியது. சொல் நம்பாதே என்கிறது, கால் நம்பு என்கிறது. தைப்பூசத்தில் உருமி மேளத்துக்கு நடுவே நின்றவர்களுக்கு இரண்டாவது பாதி அனுபவமாகவே தெரியும். கும்மியில் கங்காணியைத் திட்டியபோதும் கைகள் ஒன்றாகத்தான் தட்டின.

தோட்டங்கள் உடைந்து மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் போன பிறகு அந்த வேலையை வேறு இசை எடுத்துக்கொண்டது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டு மலேசியத் தமிழ் ராப்பை உலகத் தமிழர் காதுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பின் வந்த உள்ளூர்ப் பாட்டுகளில் ‘மச்சான் என்று கூப்பிட்டவனே’ என்ற மனக்குறை திரும்பத் திரும்ப வருகிறது. ஜமைக்கா செல்வாக்கு என்று சிலர் சொல்கிறார்கள். அது ஓரளவு இருக்கலாம். ஆனால் அந்தக் குறை இங்கேயே விளைந்தது.

கேமரன் மலையில் இன்று கொழுந்தை விரலால் கிள்ளுவது குறைவு. இருவர் பிடித்துக்கொண்டு செடியின் தலையைச் சீவிப்போகும் இயந்திரமும் பை மாட்டிய கத்தரியும் வந்துவிட்டன. பிடித்திருப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். வங்காளதேசக் கிராமத்தில் அவர்களுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லித் திண்ணைக்கு வருபவரை ‘தலால்’ என்பார்கள். அவரும் தெரிந்தவர், பல சமயம் சொந்தக்காரர். அவருக்குமேல் தரகர்கள் அடுக்கடுக்காக இருக்கிறார்கள். இந்த ஆள்சேர்ப்பில் கூட்டுக்கொள்ளை நடப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்து 2018இல் மலேசியா வங்காளதேசத் தொழிலாளர்களை எடுப்பதை நிறுத்தியது. 2021 டிசம்பரில் புதிய ஒப்பந்தம் போட்டது, ஆள்சேர்ப்பு அதன் பிறகு திரும்பத் தொடங்கியது. ஒரு வித்தியாசத்தை மட்டும் குறித்துவைக்கலாம். 1907இல் மலாயாவில் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து ஒரு நிதி ஏற்படுத்தியிருந்தார்கள். அதனால் 1930களில் கங்காணி சொல்லை நம்பிக் கப்பலேறிய தமிழருக்குக் கப்பல் கட்டணம் இல்லை. இன்று வருபவர்களில் பலர் நிலத்தை விற்றோ வட்டிக்கு வாங்கியோ அந்தச் சொல்லுக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு வருகிறார்கள்.